கொழுகொழு குழந்தையும் வாயைக் கட்டாத அம்மாவும்

1/ பிரசவ வார்டில் நாலரை கிலோவில் குழந்தை பிறந்தா ரெண்டே பேச்சுதான். "ராஜா மாதிரி பிள்ளை!" இல்லைன்னா, "அவ வாயைக் கட்டல, சுகர் வந்துடுச்சு." ரெண்டையும் நிறுத்துங்க.

2/ அம்மாவுக்கு சுகரே இல்லாமலும் குழந்தை பெருசா பிறக்கலாம். உதாரணம்: பெக்வித்-வீடமேன் சிண்ட்ரோம். பெரிய நாக்கு, தொப்புள் வழியா பிதுங்கும் குடல், பிறந்ததும் ரத்தத்தில் சர்க்கரை இறங்குவது.

3/ அரிதாக சிலருக்கு, 11-வது குரோமோசோமின் ஒரு துண்டு இரட்டிப்பானதுதான் காரணம். அந்தக் கூடுதல் துண்டு அப்பா வழியா வந்தா அதீத வளர்ச்சி. அதுவே அம்மா வழியா வந்தா குழந்தை வளராம சிறுத்துப்போகும்! இப்போ சொல்லுங்க, மருமகளை எதுக்குத் திட்டுறீங்க? மகனையும் திட்டாதீங்க. இது யார் தப்பும் இல்ல.

4/ இந்தக் குழந்தைகளுக்கு சிறுநீரகப் புற்றுநோய் (வில்ம்ஸ் கட்டி) வரும் அபாயம் அதிகம். 3 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன், சுமார் 7 வயசு வரை. திருஷ்டிப் பொட்டு வைங்க, வேண்டாங்கல. ஸ்கேனைத் தள்ளிப்போடாதீங்க.