வாசல் கொள்ளாத வண்டி எதற்கு?

கார் வாங்குவது ஆம்பளைங்க சமாச்சாரம் என்று ஒதுங்கிப் போகும் தோழியருக்காகவே இந்தக் கடிதம். தவணை கட்ட முடியாமல் நம் வளையல் அடகுக்குப் போகும்போது மட்டும் அது குடும்ப சமாச்சாரம் ஆகிவிடுகிறதே! அதனால் வாங்குவதற்கு முன்பே நாம் நாலு வார்த்தை பேசிவிடுவது நல்லது.

கடலூர், சிதம்பரம் பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்து வாசலிலும் இப்போது ஆள் உயர வண்டிகள்தான் நிற்கின்றன. எங்கள் வீட்டிலும் அதே பேச்சு. என் கணவருக்குக் கடலூர் முதுநகரில் ஒரு கடை, சிதம்பரத்தில் ஒரு கடை. வாரத்துக்கு மூன்று தரம் போய் வர வேண்டும். "அண்ணி, வாங்கினா ஃபோர் வீல் டிரைவ் வாங்கணும். வெள்ளம் வந்தாலும் நிக்காது" என்கிறான் கொழுந்தன். இவர் மனசும் அந்தப் பக்கமே சாய்கிறது. என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் கல்லூரிச் செலவும் காரின் முன்பணமும் ஒரே சேமிப்பிலிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் நான் காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போய் வர சுமார் 90 கிலோமீட்டர். மாதம் 1200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சின்ன டீசல் கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தால் 60 லிட்டர் போதும். பெரிய ஃபோர் வீல் டிரைவ் 12 கொடுத்தால் 100 லிட்டர் வேண்டும். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றால் மாதம் 3680 ரூபாய் வித்தியாசம். வருஷத்துக்கு 44,160 ரூபாய்! டயர், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாமே பெரிய வண்டிக்குக் கூடுதல். வரியும் அப்படியே. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டர் நீளத்துக்குள், 1500 சிசிக்கு மேல் போகாத டீசல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பது இதுதானே?

சரி, அந்த நாலு சக்கர இழுவையால் நமக்கு என்ன லாபம்? சேற்றிலோ மணலிலோ இரண்டு சக்கரம் வழுக்கினால், மற்ற இரண்டும் இழுக்கும். காட்டுமன்னார்கோயில் பக்கம் வயல் வரப்பில் போகிறவருக்கும், கிள்ளை பக்கம் கடற்கரை மணலில் தொழில் செய்கிறவருக்கும் அது தேவை. அவர்களை நான் குறை சொல்லவே இல்லை. ஆனால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் போகும் தார் ரோட்டில் அதற்கு வேலை கிடையாது. பல வண்டிகளில் காய்ந்த தார் ரோட்டில் அந்த லீவரைப் போடவே கூடாது. போட்டால் திரும்பும்போது உள்ளே பல் சக்கரங்கள் இறுகி, செலவு வைக்கும். பிரேக் பிடிக்கவும் அது உதவாது. எந்தக் காருக்கும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை, பார்க்க ஜீப் மாதிரி உயரமாக நிற்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் இரண்டு சக்கரத்தில் ஓடுபவைதான். காசு கொடுப்பது உயரத்துக்கு!

வெள்ளத்தைச் சொல்லித்தான் ஆசை காட்டுகிறார்கள். நாமும் வெள்ளம் பார்க்காதவர்களா? 2015-லும் பார்த்தோம். 2020 டிசம்பரில் சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரில் புகுந்தபோது, மக்களை மீட்டது படகுதான், கார் இல்லை. ஓடுகிற தண்ணீர் இரண்டு அடி இருந்தாலே பெரிய ஜீப்பையும் தள்ளிக்கொண்டு போய்விடும் என்று அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கிறது. தண்ணீர் ஓடும்போது வீட்டில் இருப்பதுதான் புத்தி. 'நம்ம வண்டி தாங்கும்' என்ற தைரியம்தான் ஆபத்து.

வீட்டுப் பெண்களின் சௌகரியத்தை யாராவது நினைத்தார்களா? என் மாமியாருக்கு மூட்டு வலி. அவ்வளவு உயரத்தில் கால் வைத்து, புடவையையும் பிடித்துக்கொண்டு எப்படி ஏறுவார்? சிதம்பரத்தில் தேரோடும் நாலு வீதியும் அகலம்தான். ஆனால் உள்ளே சந்துக்குள் திரும்ப வேண்டுமே! உயர்ந்த பானட்டுக்கு முன்னால் ஒரு குழந்தை நின்றால் ஓட்டுகிறவர் கண்ணில் படாது. எங்கள் தெருவில் விளையாடுகிற பிள்ளைகளை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு டீசல் வாங்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன். 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அந்த இடைவெளி குறைந்துவிட்டது. சின்ன பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்து, பெட்ரோல் 101 ரூபாய் என்றால், எங்கள் ஓட்டத்துக்கு டீசலில் மாதம் சுமார் 2000 ரூபாய் மிச்சம். டீசல் காருக்கு ஒரு லட்சம் அதிகம் கொடுத்தால் நாலு வருஷத்தில் அது திரும்பி வரும். ஆனால் மாதம் 400 கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால், அந்த லட்சம் திரும்ப 12 வருஷம் ஆகும்! மேலும் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு டீசல் காரின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் வேகமாக ஓடினால்தான் அந்தக் கரி எரியும்.

மாருதி நிறுவனம் அந்த ஆண்டோடு டீசல் காரையே நிறுத்திவிட்டது. இப்போது புதிதாகச் சின்ன டீசல் கார் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் உண்டு. பழைய வண்டி வாங்குகிறவர்கள் புகையைக் கவனியுங்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. கரும்புகை தள்ளும் வண்டி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

என் முடிவு இதுதான். ஓட்டம் அதிகம் இருந்தால் சின்ன டீசல், குறைவாக இருந்தால் சின்ன பெட்ரோல். சேற்றிலும் மணலிலும் பிழைப்பு நடத்துகிறவருக்கு மட்டும் ஃபோர் வீல் டிரைவ். எங்கள் வீட்டில் சின்ன டீசல் கார் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். மிச்சமாகும் பணம் மகளின் படிப்புக்கு. கொழுந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். இருக்கட்டும், ஊர் மெச்ச வண்டி நிறுத்துவதைவிட, பெண் படித்து நிற்பதுதான் கௌரவம். நீங்க என்ன சொல்றீங்க தோழிகளே?

- ஒரு வாசகி, கடலூர் முதுநகர்.