வரைபடத்தில் இல்லாத நாடு

1516 ஆம் ஆண்டில் தோமஸ் மோர் என்னும் ஆங்கிலேயர் இலத்தீன் மொழியில் ஒரு நாட்டையே படைத்தார். யுடோப்பியா என்பது அதன் பெயர். நிலத்தோடு ஒட்டியிருந்த அந்நாட்டை, 15 மைல் கால்வாய் வெட்டித் தீவாக்கினான் அதன் மன்னன் என்பது கதை. பிறைவடிவக் கரை; குடாவின் வாயிலில் நீருள் மறைந்த பாறைகள். கரையிலுள்ள அடையாளங்களை இடம் மாற்றினாற் போதும், பகைவரின் கப்பல்கள் தாமே மோதியழியும். அம்மொழிக்கென 22 எழுத்துக்களும் நூலில் அச்சிடப்பட்டன.

எனினும் அங்கு குடியேற எமக்கு மனமில்லை. 54 நகரங்களிலும் ஒரே மொழி, ஒரே வழக்கம். அடுத்த நகருக்கு ஒருநாள் நடைதான்; அரசே மாட்டுவண்டியும் தரும். ஆனால் அனுமதிக் கடிதமின்றி எல்லை கடந்தவன் பிடிபட்டால் கடுந்தண்டனை. மறுமுறை பிடிபட்டால் அடிமை வாழ்வு. 'பாஸ்' பெறுவதற்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற பெற்றோருக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு விளக்கத்தான் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! எமது வகுப்புகளில் நீங்களும் ஒரு கடற்கரை நாட்டை வரைதல் வேண்டும் என்பது எம் கருத்து. குடா, முனை, கழிமுகம், நீரிணை, இறங்குதுறை என அனைத்தையும் தமிழிலேயே குறியுங்கள். சோறு கறியோடு நின்றுவிட்ட வீட்டுத் தமிழுக்கு அங்கே நிறைய வேலையுண்டு. அந்நாட்டில் எத்தனை மொழிகள், ஊர்விட்டு ஊர்செல்ல எவரிடம் கடிதம் பெறவேண்டும் என்பவற்றையும் படத்தின் ஓரத்தில் எழுதி, பெற்றோரிடம் காட்டுங்கள்.