வராமல் போன நோயாளிகள்

கரோனா காலத்தில் நாள்தோறும் அரசு வெளியிட்ட அறிக்கையில் மக்கள் முதலில் தேடியவை இரண்டு எண்கள். ஒன்று, புதிதாகத் தொற்று உறுதியானவர்களின் எண்ணிக்கை. மற்றொன்று, உயிரிழந்தவர்களின் எண்ணிக்கை. தீநுண்மி தங்கள் உடலுக்குள் புகாமலேயே, அது உண்டாக்கிய அச்சத்தாலும் தடைகளாலும் இறந்தவர்களுக்கு அந்த அறிக்கையில் இடமில்லை. உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைய முடியாமல் போன மாரடைப்பு நோயாளிகள் அத்தகையோரே.

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு தழுவிய பொது முடக்கம் நடைமுறைக்கு வந்தது. அந்த நாள்களில் மருத்துவமனைகளின் இதயப் பிரிவுகளுக்கு வருவோர் எண்ணிக்கை சரிந்தது. இந்திய இதயவியல் சங்கம் 187 மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு இதைக் காட்டுகிறது. 2019-இல் மார்ச் நடுப்பகுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரை அங்கு மாரடைப்புக்காக அனுமதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 25,400 பேர். அடுத்த ஆண்டு அதே காலத்தில் 16,400 பேர் மட்டுமே. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது.

வீட்டிலிருந்ததால் அலைச்சலும் காற்று மாசும் குறைந்தன. அதனால் மாரடைப்பும் குறைந்தது என்று சிலர் அப்போது விளக்கம் தந்தனர். இத்தாலியின் அனுபவம் அந்த விளக்கத்தை ஐயத்துக்குள்ளாக்குகிறது. அங்கு 54 மருத்துவமனைகளில் 2020 மார்ச் மாதத்தின் ஒரு வாரத்தை முந்தைய ஆண்டின் அதே வாரத்துடன் ஒப்பிட்டனர். மாரடைப்புக்காக அனுமதிக்கப்பட்டோர் 48% குறைந்திருந்தனர். ஆனால், இதயத் தமனி முழுவதும் அடைபட்டு வந்தவர்களிடையே இறப்பு 4.1 சதவீதத்திலிருந்து 13.7 சதவீதமாக உயர்ந்திருந்தது. நோய் மட்டுமே குறைந்திருந்தால் இறப்பு விகிதம் ஏன் மும்மடங்காக வேண்டும்?

விடை காலதாமதத்தில் இருக்கிறது. தமனி அடைபட்டவுடன், அதை நம்பியிருக்கும் இதயத் தசை சிறிது சிறிதாக மடியத் தொடங்குகிறது. மடிந்த தசை மீண்டும் உயிர் பெறுவதில்லை. ஹாங்காங்கில் வலி தொடங்கியதிலிருந்து மருத்துவரை அணுகுவதற்கு வழக்கமாக 82 நிமிடங்கள் ஆயின. 2020 தொடக்கத்தில் அது 318 நிமிடங்களானது. ஏழே நோயாளிகளைக் கொண்ட சிறிய கணக்குதான் என்றாலும், அது காட்டும் திசை தெளிவானது.

இந்தத் தாமதம் மூன்று இடங்களில் நேர்ந்தது. மருத்துவமனைக்குப் போனால் தொற்று வருமோ என்ற அச்சத்தில், நெஞ்சுவலியை வாயுத் தொல்லை என்று எண்ணி வீட்டிலேயே காத்திருந்தது முதலாவது. வாகனம் கிடைக்காமலும் சோதனைச் சாவடிகளைக் கடக்க வேண்டியும் வழியில் கழிந்தது இரண்டாவது. பரிசோதனை முடிவுக்கும் பாதுகாப்பு உடை அணிவதற்கும் மருத்துவமனை வாசலுக்குள் செலவானது மூன்றாவது.

இவற்றுள் எதுவும் தவிர்க்க முடியாதது அல்ல. ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் வசதி பெரிய மருத்துவமனைகளில்தான் உண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வட்ட அளவிலான மருத்துவமனையிலேயே போட்டுவிட முடியும்; அதன் பிறகு நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். பெருந்தொற்றுக்கு முன்பே தமிழகத்தில் இந்த முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. சிறிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ்களையும் பெரிய மருத்துவமனைகளுடன் இணைத்தபோது, ஓராண்டுக்குள் இறப்போர் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, நெஞ்சுவலியுடன் வருவோருக்கு முதல் தவணை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தரப்படுகின்றன. சிகிச்சையை நோயாளியின் அருகே கொண்டுசெல்லும் இத்தகைய ஏற்பாடுகள்தான் அடுத்த பெருந்தொற்றிலும் கைகொடுக்கும்.

ஆனால், அதற்கான விதிகளை இப்போதே எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் இதய சிகிச்சைக்கென ஒரு மருத்துவமனையாவது தொற்று சிகிச்சைக்கு மாற்றப்படாமல் இருக்க வேண்டும். தொற்றுப் பரிசோதனை முடிவுக்காக மாரடைப்பு சிகிச்சை காத்திருக்கக் கூடாது. நெஞ்சுவலி நோயாளியை ஏற்றிவரும் எந்த வாகனத்தையும் தடுக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மக்களிடம் சொல்லும் செய்தி முழுமையாக இருக்க வேண்டும். 'வீட்டிலேயே இருங்கள்' என்று 2020-இல் இடைவிடாமல் சொன்னோம். 'நெஞ்சு வலித்தால் மட்டும் ஒரு நிமிடமும் வீட்டில் இருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்' என்பதையும் அதே குரலில் சொல்லியிருந்தால், வராமல் போனவர்களில் பலர் வந்திருப்பார்கள்.