ரௌட்டரும் வீட்டுக்காரர் உரிமையும்

நம் வீட்டுச் சுவரில் மாட்டப்பெற்று இரவும் பகலும் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ரௌட்டர் என்னும் சிறு பெட்டி யாருடையது என்று ஒருவர் வினவினால், நம்மில் பெரும்பாலோர் உடனே விடை கூற மாட்டோம். அது நம் இல்லத்தில் இருக்கிறது. நம் மின்சாரத்தில் இயங்குகிறது. நம் கடிதங்களும் பணவிவகாரங்களும் பிள்ளைகளின் பாடங்களும் அதன் வழியாகவே செல்கின்றன. எனினும் அதனைத் தெரிந்தெடுத்தவர் நாமல்லர்; அதன் திறவுகோலும் பல வீடுகளில் நம்மிடம் இல்லை. இணையத் தொடர்பு தரும் கம்பெனியார் வைத்ததை வைத்த இடத்திலேயே விட்டு, தொடவும் அஞ்சி ஒதுங்கி நிற்கிறோம். இந்நிலை மாறல் வேண்டும். தன் ரௌட்டரைத் தானே வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஐயத்துக்கு இடமின்றி வழங்கப்பெற வேண்டும் என்பதே நம் கருத்து.

இதனை வெறுங் கொள்கையாக நாம் கூறவில்லை. உதகமண்டலத்திலிருந்து கூடலூருக்கு இறங்கும் நெடுஞ்சாலையில் உள்ள நம் நடுவட்டத்தில், தென்மேற்குப் பருவமழை தன் முழு வலியோடும் வந்து மோதும் என்பதை அவ்வூரை அறிந்தார் அறிவர். சென்ற ஆடியில் மூன்று நாள் இடைவிடாது பெய்த மழையில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. அப்போது எமக்கு அண்டை வீட்டில் ஒளியிழைக் கம்பி பழுதின்றி இருந்தது. ஒளியை மின்குறியாக மாற்றும் சிறு பெட்டியும் நன்றாகவே இருந்தது. அதனை அடுத்திருந்த ரௌட்டர் மட்டும் உயிரிழந்தது. அவ்வீட்டுப் பெண் கலாசாலையில் பயில்பவள். உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்க அவளுக்கு இரண்டு நாட்களே எஞ்சியிருந்தன. கைப்பேசியின் அலையோ அம்மழையில் தோன்றித் தோன்றி மறைந்தது. கம்பெனிக்கு முறையிட்டபோது, ஆள் மலைமேலிருந்து வர வேண்டும் என்றும், மழை விட்டதும் வருவார் என்றும் விடை வந்தது.

அவள் தமையன் உதகைக்குச் சென்று தன் பணத்தில் ஒரு ரௌட்டர் வாங்கி வந்தான். கம்பியைச் செருகினான்; விளக்கு எரிந்தது; இணையம் வரவில்லை. வீட்டுக்கென ஏற்பட்ட பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அப்புதுக் கருவியில் இடப்பெற வேண்டும். அவற்றைக் கேட்டபோது, ‘அவை சந்தாதாரருக்குச் சொல்லப்படுவதில்லை, எங்கள் பெட்டி மட்டுமே இயங்கும்’ என்றனர். மறுநாள் விடியலில் தந்தையார் தம் ஒருநாட் கூலியை இழந்து, மகளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிக் கூடலூருக்குச் சென்று, ஒரு கணினிக் கடையில் விண்ணப்பத்தை அனுப்பி வந்தார். பெட்டி மாற்ற ஆள் வந்தது ஒன்பதாம் நாள். கையில் நற்கருவி இருந்தும் இரண்டு சொற்கள் இல்லாமையால் ஒரு குடும்பம் அலைந்தது. இதில் இயற்கையின் குற்றம் பாதி. மனிதர் வகுத்த விதியின் குற்றம் பாதி.

நிற்க. இவ்வழக்கு இன்று புதிதாகப் பிறந்ததன்று. அமெரிக்காவில் முற்காலத்தில் தொலைபேசிக் கருவி முழுவதும் கம்பெனியின் உடைமையாகவே இருந்தது. பேசுவது பிறர் காதில் விழாதிருக்க வாய்ப்பகுதியில் மாட்டும் ஒரு கிண்ணத்தைக்கூட அக்கம்பெனி தடுத்தது. அத்தடை முறையன்று என்று 1956-இல் நீதிமன்றம் தீர்த்தது. பின்னர் டெக்ஸாஸைச் சார்ந்த தாமஸ் கார்ட்டர் என்பார், வானொலிக் கருவியைத் தொலைபேசியோடு இணைக்கும் தம் பொறிக்காக வழக்காடினார். தொடர்புக்குத் தீங்கு செய்யாத எக்கருவியையும் சந்தாதாரர் இணைத்துக்கொள்ளலாம் என்ற முடிவு 1968-இல் பிறந்தது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்டு 1 முதல், விரும்பிய ரௌட்டரை வைத்துக்கொள்ளும் உரிமை சட்டமாகவே அமைந்தது. இணைப்புக்கு வேண்டிய விவரங்களைக் கம்பெனியே கேளாமல் தர வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் பகுதி.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 55-ஆம் பிரிவில், மின்மானியைத் தானே வாங்கிக்கொள்ள நுகர்வோர் விரும்பினால் அதற்கு இடமளித்திருக்கிறது. பணங்கணக்கிடும் மானியையே வாங்கிக்கொள்ளலாம் எனின், நம் வீட்டுக்குள் அலை பரப்பும் பெட்டியை வாங்கிக்கொள்ளலாகாது என்பது எவ்வாறு பொருந்தும்?

இனிக் காவல் பற்றிய விஷயம். கம்பெனியார் தம் பெட்டிகளைத் தொலைவிலிருந்தே திருத்தவும் மாற்றவும் ஒரு வழி வைத்திருக்கின்றனர். பழுது பார்ப்பதற்கு அது நல்லதே. ஆயின் அவ்வழியே கள்வருக்கும் வாயிலாகக்கூடும். 2016 நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் சந்தாதாரருள் ஏறத்தாழ 9 இலட்சம் பேரின் ரௌட்டர்கள், இத்தகைய வாயிலை நாடிவந்த தாக்குதலால் முடங்கின. 2023 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரே கம்பெனியின் சந்தாதாரரிடம் இருந்த 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ரௌட்டர்கள் மூன்று நாட்களுக்குள் மீளா வகையில் பாழாயின. ஊரெங்கும் ஒரே பூட்டு இருந்தால் ஒரு கள்ளச்சாவியே போதுமன்றோ?

எனினும் நடுநிலை பிறழலாகாது. 2017 ஜூலையில் நம் அண்டையிலுள்ள கருநாடகத்தில் பாரத் சஞ்சார் நிகம் நிறுவனத்தின் மோடம்கள் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 60,000 இணைப்புகள் கெட்டன என்று அக்காலத்துச் செய்திகள் கூறின. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டவையே அங்குப் பலியாயின. ஆகவே சொந்தக் கருவி என்பதனால் மட்டும் காவல் வந்துவிடாது. உடைமை வேண்டுவோர் அதன் பொறுப்பையும் ஏற்கவேண்டும். வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுவதும், செய்தவர் வெளியிடும் திருத்தங்களை அவ்வப்போது ஏற்றுவதும், திருத்தம் நின்றுபோன பழங்கருவியை நீக்குவதும் உரிமையாளர் கடமை.

சிலர் ஆட்சேபம் கூறுவர். அயற்கருவி கம்பெனியின் தொடர்பைக் கெடுக்கும் என்பர். இதனையே அமெரிக்கக் கம்பெனியும் அன்று கூறிற்று. கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு நம் நாட்டிலும் உண்டு. சான்று பெற்றவற்றை அனுமதிப்பதில் அச்சமென்ன? ஏழையரால் வாங்க இயலாதே என்பர். எவரையும் வாங்கும்படி நாம் கட்டாயம் செய்யவில்லை. கம்பெனியின் பெட்டியே போதும் என்பார் அதனையே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் தம் கருவியை வைப்பாரிடம் வாராத பெட்டிக்கு வாடகை வாங்கலாகாது. அமெரிக்கர் 2019-இல் இயற்றிய சட்டம் இவ்வாறே விதிக்கிறது.

மாற்ற விரும்புவோர் அறிய வேண்டுவன சில. ஒளியை மாற்றும் பெட்டி வேறாகவும் ரௌட்டர் வேறாகவும் இருப்பின் வேலை எளிது. இரண்டும் ஒன்றாயிருப்பின், அதனை வெறும் பாலமாக நிறுத்திவைக்கும்படி கம்பெனியைக் கேட்டு, அதன் பின்னே தம் ரௌட்டரை இணைக்கலாம். அதற்குப் பயனர் பெயர், கடவுச்சொல், வீலான் எனப்படும் எண் ஆகியவற்றை எழுத்தில் பெறவேண்டும். ஒளியிழை வழியே வீட்டுத் தொலைபேசியும் வருமாயின், மாற்றத்தின் பின் அது பேசுமா என்பதை முன்னரே கேட்டுக்கொள்க. பழைய பெட்டியைத் திருப்பித் தந்து இரசீதும் காப்புத்தொகையும் பெற மறவற்க. மலையூரார் மற்றொன்றும் கருதலாம்: 12 வோல்ட்டில் இயங்கும் கருவியைத் தெரிந்தெடுப்பின், ஒரு சிறு மின்கலப் பெட்டியே மின்தடை நேரத்தில் அதனை இயக்கும். மரம் விழுந்து கம்பி அறுந்தால் எந்த ரௌட்டரும் பயன்படாது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. கம்பி கம்பெனியின் பொறுப்பு. வாயிலுக்கு உட்பட்டது நம் பொறுப்பு. இந்த எல்லைக்கோடு தெளிவாக இருப்பின் இரு சாராருக்கும் நன்மையே.

ஆகலின் நாம் வேண்டுவன இரண்டு. இணைப்புத் தரும் அன்றே அதற்குரிய விவரங்களை ஒரு தாளில் எழுதிச் சந்தாதாரர் கையில் கம்பெனியார் கொடுத்துவிட வேண்டும்; அரசினர் அதனை விதியாக்க வேண்டும். கலாசாலை மாணவர்களுக்கும் ஒரு கடன் உண்டு. விடுமுறையில் ஊர் செல்லும்போது, அண்டை வீட்டு ரௌட்டரின் பழங் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுப்பதற்கு ஒரு நாழிகை போதும்.

சென்ற நூற்றாண்டில் நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டமும் கொயினாத் தொழிற்சாலையும் தூரத்து ஊர்களின் காய்ச்சலுக்கு மருந்து அனுப்பின. அவ்வூரார் இன்று தம் வீட்டுச் சுவரில் உள்ள ஒரு பெட்டிக்கு மருந்து செய்ய ஒன்பது நாள் காத்திருக்கின்றனர். அவர்களுக்கு வேண்டுவது தானமன்று. ஒரு தாளில் எழுதிய இரண்டு சொற்கள்.