பி.எம். கிசான் மோசடி: பூட்டு உடையல, சாவிதான் கைமாறிச்சு! ஆபீஸ் பாஸ்வேர்டைப் பகிர்வதில் என்ன ஆபத்து?

குத்தாலம் பக்கம் நெல் விவசாயிகளுக்கு 4 மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய் வரவு வைத்ததாக எஸ்.எம்.எஸ் வரும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் பணம் அது. 2020-ல் தமிழ்நாட்டில் இதே திட்டத்தில் 110 கோடி ரூபாய்க்கு மேல் மோசடி நடந்தது. எந்த ஹேக்கரும் உள்ளே நுழையவில்லை. அப்போ எப்படி?

என்ன நடந்தது?

கொரோனா நேரத்தில் ஆன்லைன் பதிவு எளிதாக்கப்பட்டது. விண்ணப்பத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் லாகின், வேளாண் துறையினரிடம் இருந்தது. அந்த யூசர் ஐ.டி., பாஸ்வேர்டு புரோக்கர்கள் கைக்குப் போய்விட்டன. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் விவசாயிகளே இல்லாதவர்களும் பயனாளி ஆனார்கள். 80 பேர் பணிநீக்கம், 34 பேர் சஸ்பெண்ட், 18 பேர் கைது என 2020 செப்டம்பரில் வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி தெரிவித்தார்.

சிஸ்டம் ஏன் தடுக்கல?

எந்த நெட்வொர்க்கும் 3 விஷயம் பார்க்கும். யார் நீ? உனக்கு என்ன அனுமதி? என்ன செய்தாய்? பார்க்க மட்டுமா, திருத்தலாமா, ஒப்புதல் தரலாமா என்பதெல்லாம் இரண்டாவது கேள்வியில் வரும். ஆனால், முதல் கேள்விக்கே பொய்யான பதில் போனால் மற்ற இரண்டும் வீண். பதிவேட்டில் அதிகாரியின் பெயர்தான் விழும், புரோக்கரின் பெயர் அல்ல.

என்ன செய்திருக்கலாம்?

ஒன்று, ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும். இரண்டு, பாஸ்வேர்டோடு அதிகாரியின் மொபைலுக்கு ஓ.டி.பி. மூன்று, பதிவு செய்பவரும் ஒப்புதல் தருபவரும் வேறு வேறு ஆட்கள். பட்டா மாறுதலில் வி.ஏ.ஓ. பரிந்துரைக்க, மேலதிகாரி ஒப்புதல் தருவது இதே கணக்குதான்.

நமக்கு இதில் என்ன?

டீமுக்கே ஒரே பாஸ்வேர்டு, லிங்க் இருந்தால் யாரும் எடிட் செய்யலாம் என்று விட்ட கூகுள் ஷீட், வேலையை விட்டுப் போனவரின் இன்னும் மூடாத அக்கவுன்ட். நம்ம ஆபீஸ்லயும் இதெல்லாம் சகஜம். பிறர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பாஸ்வேர்டைக் கொடுக்காதீங்கனு சொன்னால் மட்டும் போதாது. வேலைப்பளு கூடும்போது உதவிக்கு வருபவருக்குத் தனி ஐ.டி., குறைந்த அனுமதி, முடிவுத் தேதி மூன்றையும் நிர்வாகம் தரணும். இல்லாட்டி பாஸ்வேர்டு கைமாறத்தான் செய்யும். 2020-ல் அதன் விலையைக் கொடுத்தவர்களில், புரோக்கரை நம்பி ஆதாரையும் பாஸ்புக்கையும் நீட்டிய சாதாரண மக்களும் உண்டு. வங்கிக் கணக்கில் ஏறிய பணம் அவர்களிடமிருந்தே திரும்ப வசூலிக்கப்பட்டது.