பறை சுவரில், கறி எங்கே?

நகரத்தில் இப்போது கிராமம் விற்கிறார்கள். மண்சட்டியில் வைத்து, வாழையிலையில் வைத்து, குளிர்சாதன அறையில் உட்காரவைத்து விற்கிறார்கள். தின்கிறவனுக்குப் பழைய ஞாபகம் பொங்குகிறது. யாருடைய ஞாபகம்? நம் ஜனங்களுக்குக் கிராமம் என்றால் ஊர் தனி, சேரி தனி. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், சட்ட வரைவு கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் மகிழ்ச்சி தெரிவித்தார். அவர் தள்ளச்சொன்ன கிராமத்தை ஓட்டல்காரன் தூசு தட்டி மேசைக்குக் கொண்டுவருகிறான்.

சென்னையில் பெரிய மனுஷர்கள் போய்வருகிற அப்படியோர் உணவகத்துக்குப் போன மாதம் வங்கி நண்பர்கள் நாலு பேர் போனோம். ஒருவருக்குப் பதவி உயர்வு. வாசலில் மாட்டுவண்டிச் சக்கரம். உள்ளே உறி, அரிக்கேன் விளக்கு, கலப்பை. பரிமாறும் பையன்கள் துண்டை இடுப்பில் கட்டி, குனிந்து 'வாங்கய்யா' என்றார்கள். பாதிப் பசி அங்கேயே போய்விட்டது. தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கவைத்தது யார், யார் முன்னால் இறக்கினோம் என்று நம் பாட்டன்மார்களைக் கேட்டால் தெரியும். இங்கே அது யூனிஃபார்ம்!

சுவரில் ஒரு பறை. அழகுக்கு மாட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்து மெனு கார்டைப் புரட்டினேன். ஆட்டில் தலை முதல் கால் வரை இருந்தது. காடை, நண்டு இருந்தது. மண்கலயத்தில் பழைய சோறு 240 ரூபாய். மாட்டுக்கறி இல்லை, பன்றிக்கறி இல்லை. உப்புக்கண்டம் என்று பார்த்ததும் நிமிர்ந்தேன்; அதுவும் ஆட்டுக்கறியாம். 'மாட்டுக்கறி எதுவும் இல்லையா தம்பி?' என்று கேட்டேன். பையன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, 'இது ஃபேமிலி ரெஸ்டாரண்ட் சார்' என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி எடுத்து, மிச்சத்தை உப்பும் மஞ்சளும் போட்டுக் கொடியில் காயவைத்த எங்க அம்மா ஃபேமிலி கிடையாதா? பறைக்குத் தோல் கொடுத்த மாடு சுவரில் தொங்கலாம், அதன் கறி தட்டுக்கு வரக்கூடாது. தோல் கலை, கறி தீட்டு. இதைத்தான் பாரம்பரியம் என்கிறான். உப்பும் உறைப்பும் இல்லாத குழம்புக்கு 4,600 ரூபாய் கட்டிவிட்டு வந்தோம்.

மண்சட்டிக்கும் ஒரு கதை உண்டு. 1930இல் இராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்ததை ஹட்டன் எழுதிவைத்திருக்கிறார். நகை கூடாது, சட்டை கூடாது, குடையும் செருப்பும் கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. அதில் ஒன்று, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது என்பது. அன்றைக்கு நம் தலையில் கட்டிய சட்டியை இன்றைக்கு 'ஆரோக்கியம்' என்று நமக்கே விலைக்கு விற்கிறான்.

'கடை அவன் கடை, அவன் இஷ்டம்' என்பார்கள். இருக்கட்டும். அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு ஓட்டல் கதவைத் திறந்தது. சமையல்கட்டுக்குள் அது நுழையாது. ஆட்டுக்கறிக் கடை என்று போர்டு வை, நமக்குச் சண்டையில்லை. 'தமிழர் உணவு' என்று வைத்துக்கொண்டு எங்க அடுப்பை இல்லையென்று சொல்லாதே.

அரசாங்கம் மட்டும் யோக்கியமா? 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறிப் பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. ஆம்பூரில்! எதிர்ப்பு கிளம்பியது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள்.

1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் 'பிராமணாள்' என்ற எழுத்தை எதிர்த்துப் பெரியார் தொண்டர்கள் மறியல் செய்து சிறை போனார்கள். எழுத்து அழிந்தது. பெரிய காரியம்தான். ஆனால் போர்டில் அழிந்தது மெனு கார்டில் எழுதாமலே இருக்கிறதே, அதை எப்படி அழிப்பது?

நாம் எழுதித்தான். மராத்தியில் ஷாஹு பட்டோலே 2015இல் மகர், மாங் மக்களின் சமையலை நூலாக்கினார். மாணவத் தோழர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகையில் ஆயாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் துண்டம் எதுக்கு ஆகும், எதைக் காயவைப்பது, ரத்தத்தை எப்படிப் பொரிப்பது, பஞ்ச காலத்தில் எதைத் தின்று பிழைத்தோம், எல்லாவற்றையும் எழுதுங்கள். விடுதியில் உணவுப் பட்டியல் போடும்போது மாட்டுக்கறி கேளுங்கள். பறையை மாட்டியிருக்கும் கடைக்குப் போனால் சத்தமாகக் கேளுங்கள்: கறி எங்கேய்யா? இல்லை என்றால் பறையைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். அதை அடிக்க நம்மிடம் ஆள் இருக்கிறது.