கொல்லன் தெருவில் ஊசி, நெய்வேலியில் கரி

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். வெளியே அடைமழை. துவைத்த துணியெல்லாம் கூடத்துக் கொடியில் தொங்க, நான் அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். எட்டாவது படிக்கும் என் பெண் ஆங்கிலப் புத்தகத்தை விரித்து வைத்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "என்னடி பாடம்?" என்றேன். "ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச். உனக்குத் தெரியாதும்மா, விடு!"

சகோதரிகளே, அந்த 'விடு' சுருக்கென்று தைத்தது. நான் தமிழில் பத்தாவது வரை படித்தவள். அவள் என்னிடம் பாடம் கேட்பதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது என்பதே அப்போதுதான் உறைத்தது. இன்றைக்குப் பாடம், நாளைக்கு மற்ற விஷயங்களையும் சொல்லாமல் விட்டுவிட்டால்? கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அர்த்தத்தைச் சொல்லு, கேட்போம்."

முதலில் சிமிலி. ஒன்றை இன்னொன்று போல என்பது. 'கரியைப் போல் கறுப்பு' என்று உதாரணம். "ஏம்மா, நம்ம ஊர் கரி பழுப்பாத்தானே இருக்கு?" என்று கேட்டாளே பார்க்கலாம்! நெய்வேலியில் பிறந்த குழந்தை வேறெப்படிக் கேட்கும்? வெள்ளைக்காரர் அவர் ஊர்க் கரியைப் பார்த்துச் சொன்னார். "பஞ்சு மாதிரி இட்லின்னு சொல்றோமே, அந்த உவமைதாண்டி இது" என்றேன். 'மாதிரி'யை எடுத்துவிட்டு, 'இட்லியா இது, பஞ்சு!' என்றால் அது மெட்டஃபர், நம் உருவகம். "இட்லியா இது, கல்லு!" என்றாள், போன வாரத்தை நினைத்துக்கொண்டு. விடை சரிதான், திட்ட முடியவில்லை.

அப்புறம் மளமளவென்று போயிற்று. 'ஈரத்துண்டைக் கட்டில்மேல போடாதேன்னு ஆயிரம் தடவை சொல்லிட்டேன்' என்பது ஹைப்பர்போலி, உயர்வு நவிற்சி. 'கெட்டில் கொதிக்கிறது' என்பார்களாம் ஆங்கிலத்தில். கொதிப்பது தண்ணீர்தானே? இது மெட்டானிமி. நாமும் 'அரை லிட்டர் வாங்கிட்டு வா' என்கிறோம். கடைக்காரர் பாலைத்தான் கொடுக்கிறார். இதைத்தான் ஆகுபெயர் என்று அந்த நாளில் உருப்போட்டோம். என் மாமியார் விளக்கை 'அணை' என்று சொல்லவே மாட்டார், 'குளிர வை' என்பார். அது யூஃபமிசம்.

தொல்காப்பியத்தில் உவமைக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. என் பெண்ணின் பாடத்தில் பத்துகூட இல்லை!

கடைசியில் மரபுத்தொடர்கள். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். 'நாயும் பூனையுமாக மழை பெய்கிறது' என்று வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கினால் குழந்தை சிரிக்கும், விளங்காது. எந்தச் சமயத்தில் அப்படிச் சொல்வார்கள் என்று கேளுங்கள். 'பேய் மழை' தானாக வரும். அடுத்ததாக, 'நியூகாஸிலுக்குக் கரி கொண்டு போவது.' இங்கிலாந்தின் வடக்கே டைன் நதிக்கரையில் உள்ள ஊர் அது. பல நூற்றாண்டுகள் அங்கிருந்துதான் லண்டனுக்குக் கப்பலில் கரி போயிற்று. அங்கேயே கரி கொண்டு போனால்? "கொல்லன் தெருவிலே ஊசி விக்கிற கதைதான்" என்றேன். அவள் துள்ளி எழுந்தாள். "இல்லம்மா, நெய்வேலிக்குக் கரி கொண்டு வர்ற கதை!"

ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவிடமும் முதலில் இதைத்தான் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு ஒரு சேதி சொன்னார். பிரிட்டனின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கம் 2015 டிசம்பரில் மூடப்பட்டதாம். கரியால் ஓடிய கடைசி மின் நிலையமும் 2024 செப்டம்பர் 30-ல் நின்றுவிட்டதாம். ஆனாலும் பாடப் புத்தகத்தில் நியூகாஸிலுக்குக் கரி போய்க்கொண்டுதான் இருக்கிறது.

அன்றைக்குப் புளிக்குழம்பு அடிப்பிடித்துப் போனது வேறு கதை.

மறுநாள் பள்ளிவிட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, ஆக்ஸிமோரான்! ஓப்பன் சீக்ரெட்! என்ன சொல்லு பார்ப்போம்?" எனக்கு அந்தப் பெயர் புதிது. அர்த்தத்தைச் சொல்லச் சொன்னேன். ஒட்டாத இரண்டு சொற்களை ஒட்டவைப்பதாம்; திறந்து கிடக்கும் ரகசியமாம்.

"ஊரறிஞ்ச ரகசியம்" என்றேன்.

பையைத் திண்ணையில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.